ஓரம் உடைந்த டப்பா

கமலாக்ஷி ஃப்ரிட்ஜின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தாள். ஃப்ரிட்ஜ் பொறுமையிழந்து கீ கீ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. அவள் நகரவில்லை.

கீழ்த்தட்டில், தயிர்ச் சட்டிக்குப் பின்னால், ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா. மேலே வெனிலா என்று போட்டிருந்தது. அதற்குள் ஐஸ்கிரீம் இருந்த காலம் யாருக்கும் நினைவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கிப் போடுகிற வீடு கிடையாது. தோசை மாவு, புளி, கறிவேப்பிலை எல்லாம் வெனிலாவுக்குள்தான் குடியிருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே டப்பா. இந்த டப்பாவின் மூடியில் மட்டும் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. அவள் புருஷன் ராமபத்ரன் கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்ததில் போனது அது.

பிரச்சினை டப்பா அல்ல. அதற்குள் இருந்தது.

"அம்மா, அடித்தட்டுல இருக்கற டப்பாவைத் தொடாதே ட்டோ. மகாவோடது" என்று காலையில் காக்கநாட்டு ஆபீசுக்குக் கிளம்பும்போது பிள்ளை சுதர்ஷன் சொன்னான். சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தான். பிள்ளை எப்போது செருப்பைப் பார்ப்பான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா என்ன.

தொடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவள் தொட்டிருக்கவே மாட்டாள். இப்போது தொட்டாள். திறந்தாள்.

பழுப்பாக, உதிரி உதிரியாக, மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வறட்டிய ஏதோ ஒன்று. மேலே வெள்ளையாக ஒரு படலம் உறைந்திருந்தது.

சோயா என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த வீட்டுக்குச் சோயா புதிதில்லை. மருமகள் மகா விருதுநகர்ப் பெண், கறி தின்கிற வீட்டுப் பெண். சுதர்ஷன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். வந்த அன்றைக்கே, யாரும் கேட்பதற்கு முன்னால், "வீட்டுக்குள்ள கவுச்சி வராதுத்த, அது என் பொறுப்பு" என்று அவளாகவே சொன்னாள். சொன்னபடி நடக்கவும் செய்தாள். நாக்கு ரொம்பப் படுத்தினால் சோயாக் குருணையை வெந்நீரில் ஊறப் போடுவாள். ஊறியதைத் துணி பிழிகிற மாதிரி பிழிந்து, சோம்பும் பட்டையும் போட்டு வதக்கித் தன் ஊர்க் கொத்துக்கறி போலவே செய்துகொள்வாள். முதலில் மூக்கைச் சுளித்த ராமபத்ரன் ஒரு நாள் சப்பாத்தியோடு தொட்டுப் பார்த்தார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால், "இன்னிக்கு அது உண்டோ?" என்று முதலில் கேட்பவர் அவர்தான்.

ஆனால் மகா சோயா செய்தால் அது வீட்டுக்கே தெரியும். நேற்று அவள் எதையும் ஊறப் போடவில்லை, எதையும் பிழியவில்லை. சாயங்காலம் சுதர்ஷன் பையோடு வந்து, அம்மாவிடம் காபி கூடக் கேட்காமல் நேராக ஃப்ரிட்ஜுக்குப் போனான்.

கமலாக்ஷி குனிந்து முகர்ந்து பார்த்தாள். முகர்ந்து என்ன புண்ணியம்? மாம்சத்தின் வாசனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தானே இது அதுவா இல்லையா என்று சொல்ல முடியும். பிறந்ததிலிருந்து மீனும் கறியும் வேகிற தெருக்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தே பழகியவள். இத்தனை வருஷ ஆசாரம் இப்போது காலை வாரிவிட்டது.

நேராகக் கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மகா முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாசம். ரசம் சாதம் போட்டாலும் வாந்தி, மோர் சாதம் போட்டாலும் வாந்தி. அந்த நிலையிலும் தேவராவில் ஒரு லேபுக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிற பெண்ணிடம், "இது மாம்சமாடி?" என்று எந்த முகத்தோடு கேட்பது?

போதாக்குறைக்கு, பாலக்காட்டிலிருந்து வெங்கிட்டு அத்திம்பேர் மத்தியானம் வருகிறார். ராமபத்ரனின் அக்கா புருஷன். கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் காதுபட, "எழுதி வெச்சுக்கோங்கோ, இவா ஆத்துல ஒரு நாள் மாம்சம் வேகப் போறது" என்று சொன்ன மனுஷர். அதற்கப்புறம் இந்த வீட்டுப் பக்கம் இன்றைக்குத்தான் வருகிறார், அதுவும் கண் டாக்டரைப் பார்க்க வந்த சாக்கில். அவர் கண்ணில் இது பட்டால், மகா இந்தக் குடும்பத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

கமலாக்ஷி டப்பாவை எடுத்துப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு பின்கட்டு வழியாக இறங்கினாள்.

பின்வாசலை ஒட்டி ஒரு சந்து. அதைத் தாண்டினால் ஷபானாவின் வீடு. அவள் புருஷன் நைனா பஜார் ரோட்டில் ஒரு மிளகு கிடங்கில் மேஸ்திரி. நைனாவின் முன்னோர் எப்போதோ தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். வீட்டுக்குள் மலையாளம், கமலாக்ஷி மாமியிடம் மட்டும் மலையாளம் கலந்த தமிழ். ஷபானா வீட்டுக் கீமா, அந்த ஆட்டுக் கொத்துக்கறியின் மணம் தெருவில் பிரசித்தம். இதைக் கேட்க அவளைவிட்டால் வேறு ஆளில்லை.

"வரணும் மாமி. இரிங்க, சாயா எடுக்கட்டே?"

"சாயா கிடக்கட்டும். இது என்னன்னு பார்த்துச் சொல்லு. யாருட்டயும் சொல்லப்படாது."

தலைப்புக்குள்ளிருந்து டப்பா வெளியே வந்தது. கொடுக்கும்போது கமலாக்ஷிக்குக் கை கூசியது. மருமகளை ஊரார் முன்னால் நிறுத்திச் சோதனை போடுகிற மாமியாராகத் தான் எப்போது ஆனோம் என்று இருந்தது.

ஷபானா மூடியைத் திறந்து பார்த்தாள். ஒரு துணுக்கை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கமலாக்ஷியின் முகத்தைப் பார்த்தாள்.

"இது யாருடையது மாமி?"

"மகாவோடது."

"அவளுக்கு இப்போ விசேஷமல்லே?"

"ஆமாம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

ஷபானா இன்னும் கொஞ்சம் மென்றாள். அவசரமே படவில்லை.

"சோயா" என்றாள்.

"நிச்சயமாவா?"

"நான் பார்க்காத கீமாவா மாமி? சோயாதான்."

"மேலே வெள்ளையா ஏதோ கட்டிண்டிருக்கே."

"வெளிச்செண்ணெய். ஃப்ரிட்ஜில வெச்சா உறையாதா?"

தேங்காயெண்ணெய் உறையும் என்பது கமலாக்ஷிக்குத் தெரியாததல்ல. தினம் தலைக்குத் தேய்த்துக்கொள்கிறவள். அது கூடத் தோன்றாமல் போயிற்றே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பாருங்க, அடியில எண்ணெய் ஒழுகுது. உங்க புடவை போயிடும். நான் துடைச்சுத் தரேன்" என்று ஷபானா டப்பாவோடு அடுக்களைக்குள் போனாள். சற்று நேரம் கழித்து டப்பாவைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தாள். "மகாகிட்ட ஒண்ணும் கேக்கண்டா மாமி. பாவம், கொச்சுப் பொண்ணு. அதோட மனசு நோகும்."

"கேப்பேனா? கேட்டா என் நாக்கு அழுகிப் போகும்."

சந்தைத் தாண்டுவதற்குள் கமலாக்ஷி தன்னைத் தானே திட்டித் தீர்த்துவிட்டாள். வாயும் வயிறுமாக இருக்கிற பெண், எதுவும் பிடிக்காமல், வெளியே யாரிடமோ சொல்லி ஒரு வாய் சோயா செய்து வாங்கி வைத்திருக்கிறாள். அதற்குப் போய்... சீ, நான் எல்லாம் ஒரு மாமியாரா? சாயங்காலம் அவளுக்குப் பிடித்த அடைப் பிரதமன் பாயசம் வைப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை.

வெங்கிட்டு அத்திம்பேர் வந்தார். சாப்பிட்டார். சாம்பாரில் புளி கொஞ்சம் தூக்கல் என்றார். ஊஞ்சலில் உட்கார்ந்தார். அப்புறம் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "நாட்டுப்பொண் சமையலெல்லாம் எப்படி? அவா வழக்கமெல்லாம் இங்கே எடுத்துண்டு வந்துட்டாளா?" என்று கேட்டார்.

ராமபத்ரனுக்குச் சுருக்கென்றது. அவர் வெலிங்டன் தீவில் தேயிலை ஏலக் கம்பெனியில் ருசி பார்க்கும் உத்தியோகத்திலிருந்து ரிட்டையர் ஆனவர். ஒரு மடக்கு டீயை உறிஞ்சினால் எந்த எஸ்டேட், மலையின் எந்தப் பக்கம், மழைக்கு முன்னால் பறித்ததா பின்னால் பறித்ததா என்று சொல்லிவிடுவார். வீட்டிலும் நாக்கு விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"அவ ஒண்ணு பண்ணுவா அத்திம்பேர், அது மாதிரி நீங்க ஆயுசுல சாப்பிட்டிருக்க மாட்டேள். கமலம், அந்த சோயா ஏதாவது இருக்கோடி?"

ஊர்ஜிதமான சோயா உள்ளே இருக்கிறது. மகாவின் மேல் விழுந்த சந்தேகத்துக்குப் பிராயச்சித்தம் பண்ண இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? மகாவுக்கு வேறு புதிதாகச் செய்து கொடுத்துக்கொள்ளலாம். "இருக்கே. அடித்தட்டுல, வெனிலா டப்பா" என்றாள் கமலாக்ஷி, பெருமையோடு.

ராமபத்ரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே அடுக்களைக்குள் இறங்கினார். உருளைக்கிழங்கை வேகவைத்துப் பிசைந்து, டப்பாவில் இருந்ததைக் கொட்டிக் கலந்து, ரொட்டித் தூளில் புரட்டி, தட்டு நிறைய கட்லெட் பொரித்துக்கொண்டு போனார்.

அத்திம்பேர் ஒன்றைப் பிட்டு உள்ளே சந்தேகமாகப் பார்த்தார். "இது பயறு வர்க்கம்தானே?"

"சுத்தமான சோயாபீன். தைரியமா சாப்பிடுங்கோ."

அத்திம்பேர் சாப்பிட்டார். அவர் முகம் மெல்ல இளகியது. இன்னொன்றை எடுத்தார்.

ராமபத்ரன் டீ உறிஞ்சுகிற மாதிரி ஒரு வாய்க் காற்றோடு கட்லெட்டை உள்ளே இழுத்து, கண்ணை மூடி, நாக்கில் புரட்டினார். "இன்னிக்கு ஒரு பாடி இருக்கு கேட்டேளா. போன தடவைக்கு இல்லை."

"பாடின்னா?"

"டீ பாஷை. வாயிலே நிறைஞ்சு நிக்கறது."

அடுக்களையில் கமலாக்ஷி டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூடியைத் திருப்பித் திருப்பித் தேய்த்தாள். அப்புறம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

மூடியின் நாலு ஓரமும் முழுசாக இருந்தது.

அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. இது தன் வீட்டு டப்பா இல்லை. ஷபானா வீட்டில் துடைக்கப் போன இடத்தில் மாறியிருக்கிறது. அப்படியென்றால் அவர்கள் இப்போது கூடத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பது ஷபானா வீட்டுக் கீமா. தெருவில் பிரசித்தமான கீமா.

மருமகள் மாம்சம் கொண்டுவந்தாளோ என்று வேவு பார்க்கப் போன மாமியார், தன் புடவைத் தலைப்புக்குள் வைத்துத் தானே கொண்டுவந்துவிட்டாள். சாமி அறையைத் தாண்டித்தான் கொண்டுவந்தாள்.

கமலாக்ஷி கூடத்துக்கு ஓடினாள்.

"போறும், வெச்சுடுங்கோ. உப்பு ஜாஸ்தி."

"உப்பா? கரெக்டா இருக்கே" என்றார் ராமபத்ரன்.

"கெட்டுப்போன வாடை வரது."

"கமலம், என் நாக்குக்குத் தெரியாத கெடுதலா? நாற்பது வருஷம் இந்த நாக்கை வெச்சுத்தான் சோறு தின்னேன்."

"வயத்துக்கு ஆகாது அத்திம்பேர். உங்களுக்கு வேறே வயசாச்சு."

அதைச் சொன்னதுதான் தப்பு. அத்திம்பேர் ரோஷத்தோடு இன்னும் இரண்டை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "கல்லைத் தின்னாலும் ஜீரணமாகும் நேக்கு. அதோட, கேட்டாயா, என் பொண்டாட்டிக்கும் நாலு கட்டிக் கொடு. ராத்திரி போய்ச் சேந்ததும் காட்டணும்."

பாலக்காட்டு நாத்தனாருக்கும் பார்சல். கமலாக்ஷி தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அடுக்களைக்குப் போய், மிச்சம் இருந்ததையெல்லாம் பின்பக்கம் காக்காய்க்கு வீசிவிட்டு, ஷபானாவைப் போனில் கூப்பிட்டாள்.

ஷபானா தோப்பும்படியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தாள். பின்னால் பாட்டும் கூச்சலும்.

"ஷபானா, நம்ம டப்பா ரெண்டும் மாறிடுத்தா?"

"மாறித்தான் போச்சு மாமி. இங்க ஆளுங்க நிக்குது, நான் வந்து சொல்றேன். நீங்க ஒண்ணும் பேசாம இரிங்க, கேட்டீங்களா" என்றாள். லைன் போய்விட்டது.

மாறிவிட்டது. அவளே சொல்லிவிட்டாள். அதைத் தின்றாகிவிட்டது என்று சொல்லக் கமலாக்ஷிக்கு வாய் வரவில்லை. எப்படிச் சொல்வாள்?

இனி நடந்ததை மாற்ற முடியாது. சுத்தி பண்ணலாம். இரண்டு பேரையும் குளிக்க வைத்து, பூணூல் மாற்ற வைத்து, காயத்ரி ஜபிக்க வைத்துவிட்டால் பகவான் பார்த்துக்கொள்ள மாட்டாரா? ஆனால் வயிறு நிறைய டிபன் சாப்பிட்ட இரண்டு ஆண்களை, காரணம் சொல்லாமல், தலை முழுக வைப்பது எப்படி?

ஒரே வழிதான் தோன்றியது. ஒரு சாவு வேண்டும்.

நெருங்கிய சாவாக இருக்கக்கூடாது. பத்து நாள் தீட்டு என்று அத்திம்பேர் இங்கேயே தங்கிவிடுவார். ஒரு முழுக்கோடு தீர்ந்துபோகிற தூரத்து உறவாக வேண்டும். வயசும் ஆகியிருக்க வேண்டும், மனசு ரொம்ப உறுத்தாதபடிக்கு. கமலாக்ஷி நின்ற இடத்திலேயே சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்து, திருப்பூணித்துறைக் கனகாம்பாள் சித்தியைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஏன்னா, இப்போதான் போன் வந்தது. கனகாம்பாள் சித்தி போயிட்டாளாம்."

"அடடா" என்றார் அத்திம்பேர். எழுந்து நின்றார். ஆசாரத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கிணற்றடியில் இரண்டு பேரும் வாளி வாளியாகத் தலையில் கொட்டிக்கொண்டார்கள். கமலாக்ஷியே புதுப் பூணூலும் துளசித் தீர்த்தமும் கொண்டு போய்க் கொடுத்தாள். உயிரோடு இருக்கிற கிழவியைக் கொன்றாயிற்று என்று ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொண்டாலும், இன்னொரு பக்கம் அப்பாடா என்றிருந்தது.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அத்திம்பேர் போனை எடுத்தார்.

"யாருக்குப் பண்றேள்?"

"சித்தி பிள்ளை பிச்சுமணிக்கு. ஒரு வார்த்தை துக்கம் கேக்க வேண்டாமா?"

அவள் தடுப்பதற்குள் மணி அடித்தது. அத்திம்பேருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். "பிச்சுமணி, சேதி கேட்டேன்டா. ரொம்ப சங்கடமாப் போச்சு. கடைசிலே கஷ்டப்பட்டாளோ?"

"யாரது, வெங்கிட்டுவா?" என்றது ஒரு கிழக்குரல். "பிச்சுமணி கடைக்குப் போயிருக்கான். நான் கனகாம்பாள் பேசறேன். யாருடா கஷ்டப்பட்டா?"

அத்திம்பேர் போனைப் பார்த்தார். கமலாக்ஷியைப் பார்த்தார். பிறகு, நல்ல மனுஷர், "ஒண்ணுமில்லை சித்தி, பவர் கட்டுல கஷ்டப்பட்டேளோன்னு கேட்டேன்" என்று சமாளித்து வைத்தார்.

"வேற யாராவது கனகாம்பாளா இருக்கும்" என்றாள் கமலாக்ஷி. "வாட்ஸாப்புல வந்தது. நான் அவசரப்பட்டுட்டேன்."

"இப்போதான் போன்னு சொன்னே" என்றார் ராமபத்ரன்.

"போன்லதானே வாட்ஸாப் வரது."

இரண்டு பேரும் அவளை விசித்திரமாகப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் புருஷன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்று கமலாக்ஷிக்கு இருந்தது.

"போகட்டும், ஸ்நானம் பண்ணினதுல ஒரு நஷ்டமுமில்லை" என்றார் அத்திம்பேர். "நன்னாப் பசிக்கறது. அந்தக் கட்லெட் மிச்சம் உண்டோ?"

"தீர்ந்துடுத்து. காக்காய்க்குப் போட்டுட்டேன்."

"அவ்வளவுமா?" என்றார் அத்திம்பேர், நிஜமான துக்கத்தோடு. கனகாம்பாளுக்குக் கூட அவர் இவ்வளவு வருத்தப்படவில்லை.

"கவலைப்படாதீங்கோ" என்றார் ராமபத்ரன். "இவ ஒரு மாதிரியா பேசறபோதே நாலு எடுத்து அலமாரியிலே ஒளிச்சு வெச்சேன்."

புதுப் பூணூல் ஈரம் காய்வதற்குள் அந்த நாலும் உள்ளே போயிற்று. கமலாக்ஷி அடுக்களையில் போய் உட்கார்ந்துவிட்டாள். இனி எந்த உறவைக் கொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் மகா வந்தாள். வெயிலில் முகம் வாடி, கையில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வாசலேறினாள். அத்திம்பேரைப் பார்த்ததும் தயங்கி நின்றாள்.

அத்திம்பேர் ஊஞ்சலிலிருந்து எழுந்தார். "வாம்மா. கல்யாணத்துல நான் ஒண்ணு சொன்னேன், நோக்கும் கேட்டிருக்கும். அதை வாபஸ் வாங்கிக்கறேன். ஃப்ரிட்ஜுல நீ வெச்சிருந்த டப்பா, அதுல இருந்ததைத்தான் இன்னிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். இந்த ஆத்துக்கு ஏத்த பொண் நீ."

மகாவின் கையிலிருந்த எலுமிச்சம்பழம் கீழே விழுந்து ஊஞ்சலுக்கு அடியில் உருண்டது.

"எந்த டப்பா?"

"வெனிலா" என்றார் ராமபத்ரன். "அடித்தட்டுல இருந்ததே. நன்னா ஒரு பாடி."

மகா அடுக்களைக்குள் ஓடிவந்தாள். வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"அத்த, அந்த டப்பாவையா எடுத்துப் போட்டீங்க? மாமாவுக்குமா?"

கமலாக்ஷி எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்தது இப்போது உடைந்தது.

"மகா, என்னை மன்னிச்சுடும்மா."

"ஐயோ, நீங்க எதுக்குத்த? தப்பு என்னோடது. அந்த டப்பாவுல..."

"நீ பேசாதே. நான் சொல்லி முடிச்சுடறேன். இப்போ சொல்லலேன்னா அப்புறம் தைரியம் வராது. உன் டப்பாவுல மாம்சம் இருக்கோன்னு சந்தேகப்பட்டேன். தூக்கிண்டு போய் ஷபானாகிட்டக் காட்டினேன். அவ வாயிலே போட்டுப் பார்த்து, சுத்தமான சோயான்னு அடிச்சுச் சொல்லிட்டா."

மகா வாயைத் திறந்தாள். மூடினாள். "ஷபானாக்காவா? சோயான்னா?"

"ஆமாம். அவ சொன்னப்புறம் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு. வாயும் வயிறுமா இருக்கற உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே. அந்தப் பாவம்தான் உடனே பிடிச்சுது. அங்கே டப்பா மாறிடுத்து. உன்னுது அவா ஆத்துலேயே இருக்கு. நான் கொண்டுவந்தது ஷபானா பண்ணின கீமா. மாமாவும் அத்திம்பேரும் தின்னது ஆட்டு மாம்சம், மகா. நான்தான் என் கையால கொண்டுவந்தேன்."

மகாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அத்த, நீங்க என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்காதீங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க நினைக்கிற மாதிரி நான்..."

"ஒண்ணும் சொல்லாதே. நீ கொடுத்த வாக்கை நீ காப்பாத்தினே. இந்த ஆத்துல அதை நம்பாம போனது நான் ஒருத்திதான்."

இதைக் கேட்டு மகா இன்னும் அதிகமாக அழுதாள். தன் மேல் இவளுக்கு எவ்வளவு பிரியம் என்று நினைத்துக் கமலாக்ஷியும் அழுதாள். கூடத்திலிருந்து அத்திம்பேர், கட்லெட்டுக்கு இஞ்சி உண்டா இல்லையா என்று ராமபத்ரனிடம் கேட்டுக்கொண்டிருந்தது கேட்டது.

அப்போது பின்கதவை யாரோ விரல் நுனியால் தட்டினார்கள்.

கமலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். ஷபானாவின் புருஷன் நைனா நின்றிருந்தார். கையில் ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, கழுவித் துடைத்தது. மூடியின் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. கிடங்கில் மூட்டை சரிந்தாலும் அசராத மனுஷர், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையனைப் போலச் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மாமி, மகளே, ஷபானாகிட்ட மட்டும் சொல்லக் கூடாது. மாமி வீட்டு டப்பா, தொடாதேன்னு சொல்லிட்டுத்தான் அவ கல்யாணத்துக்குப் போனா. நான் சும்மா ருசி பார்க்கலாம்னு திறந்தேன், காலியாகிப் போச்சு."

"அதனாலென்ன இக்கா, வெறும் சோயாதானே" என்றாள் கமலாக்ஷி.

நைனா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு டப்பாவை மகாவின் கையில் வைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"என் நெஞ்சில ஸ்டென்ட் வெச்ச நாள் தொட்டு எங்க வீட்டுலதான் கீமான்னு சொல்லி அவ சோயா போட்டு ஏமாத்துறா மாமி, நானும் தெரியாத மாதிரி தின்னுட்டிருக்கேன், அசல் ஆட்டுக்கறி இன்னைக்கு உங்க டப்பாவுலதான் கிடைச்சுது, இன்னும் ஒரு பிடி இருக்குமா?"